முகவரி சரி, போன இடம் தப்பு

திண்டுக்கல் நாகல் நகரில் அக்கா வீட்டுக் கணினி. வங்கியின் முகவரியை எழுத்துப் பிசகாமல்தான் தட்டினேன். 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் தடுத்தது. "நாலு நாளா அப்படித்தான் வருது மாப்ள, தாண்டிப் போயிரலாம்" என்றார் அத்தான்.

தாண்டவில்லை. 192.168.1.1 என்று தட்டி ரூட்டருக்குள் போனேன். பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வாசலில் தொங்குவது என்னவோ 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பூட்டு! உள்ளே டிஎன்எஸ் கட்டத்தில் யாரும் போடாத ஓர் எண்.

இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அதற்குரிய எண் எது என்று கணினி டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அந்த சர்வரே திருடன் கையில் இருந்தால், சரியான முகவரியும் போலிப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீநிரல் இப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளைத் திசைதிருப்பியது. அதை நடத்திய கும்பலை எஸ்டோனியாவில் 2011 நவம்பரில் பிடித்தார்கள்.

விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் டிஎன்எஸ்-ஐ 1.1.1.1 அல்லது 9.9.9.9 என்று மாற்றலாம். ஆனால் அது அந்தக் கணினிக்கு மட்டும்தான். ரூட்டர் கெட்டிருந்தால் போனும் டிவியும் பழைய வழியிலேயே போகும். ரூட்டரை ரீசெட் செய்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அதன் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும். ரீசெட்டில் இணைப்புக்கான யூசர்நேமும் அழிந்துவிடலாம். முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு போன். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார். வங்கியிடமும் அன்றே சொல்லிவிட வேண்டும். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பில்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. வழக்கு இழுப்பது இங்கேதான்: "ஓடிபி நீங்களே கொடுத்தீர்கள்" என்பார்கள் வங்கிக்காரர்கள். ரூட்டரில் இருந்த அந்த எண்தான் அப்போது உங்கள் சாட்சி. அனுமதியில்லாமல் புகுந்து மோசடி எண்ணத்தோடு அமைப்பை மாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

அக்கா வீட்டில் பணம் போகவில்லை. என் மொபைல் டேட்டாவில் வங்கி பாஸ்வேர்டை மாற்றி முடிப்பதற்குள் அத்தான் குண்டூசியோடு ரீசெட் ஓட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார். "பொறுங்க அத்தான், முதல்ல திரையை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."