நிறுவினாலே ஓடிவிட வேண்டுமா?

வடக்குத்து ஊர்ப் பக்கம் கொல்லையில் போர்வெல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டியின் குணம் தெரியும். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் நோ-வோல்ட் காயில் பிடியை விட்டுவிடும். பிறகு கரண்ட் வந்தாலும், பச்சைப் பொத்தானை யாராவது அழுத்தும்வரை மோட்டார் ஓடாது. ராத்திரியில் கொல்லைக்கு நடக்க அலுத்தவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். வசதிதான், ஆனால் ஊர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பினால் டிரான்ஸ்ஃபார்மர் என்ன ஆவது? 2018 ஜனவரியில் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய தெலங்கானா அரசு, ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடும்படி விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது.

இதே வழக்கு கணினிக்குள்ளும் நடக்கிறது. வெப் சர்வர், டேட்டாபேஸ் போலப் பின்னணியில் ஓடுபவற்றுக்கு ‘சர்வீஸ்’ என்று பெயர். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வெப் சர்வரை நிறுவி முடிக்கும்போதே அது ஓடத் தொடங்கியிருக்கும். உபுண்டுவும் அப்படித்தான். தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்ததே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அதுவும் டெபியன் வழி வந்ததுதான். இன்னொரு லினக்ஸான ஃபெடோராவின் வழக்கம் வேறு: சில விலக்குகள் தவிர, நாம் சொன்னால்தான் ஓடும்.

ஓட வேண்டாம் என்றால் எதற்கு நிறுவுகிறாய் என்பது டெபியன் தரப்பின் கேள்வி. பெயர் சொல்லிக் கேட்டு நிறுவியதற்கு அது நியாயம். கேட்காமலே கூட வந்து ஒட்டிக்கொள்பவற்றுக்கு?

மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.டி.இ. டேட்டாபேஸ் அப்படித்தான் வேறு பல மென்பொருள்களோடு சேர்ந்து கணினிகளில் குடியேறியது. அதிலிருந்த ஓர் ஓட்டை வழியே 2003 ஜனவரி 25 அன்று ‘ஸ்லாமர்’ என்ற கணினிப் புழு கிளம்பியது. அளவு வெறும் 376 பைட். சிக்கிய சுமார் 75,000 கணினிகளில் பெரும்பாலானவை முதல் பத்தே நிமிடத்தில் விழுந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது. ஆனால் தன் கணினியில் டேட்டாபேஸ் ஓடுவதே தெரியாதவர் அதற்குத் திருத்தம் தேடுவாரா? விண்டோஸ் 2000 சர்வரில் தானாகவே நிறுவப்பட்டுவந்த வெப் சர்வரையும், 2001-இல் ‘கோட் ரெட்’ புழுவிடம் பட்ட அடிக்குப் பிறகு, 2003 பதிப்பில் கேட்டால் மட்டுமே என்று மாற்றினார்கள்.

என் கட்சி ஃபெடோரா பக்கம். பாஸ்வேர்டு மாற்றி, யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் முன்பே கதவைத் திறந்து வைப்பானேன்? டெபியனிலும் தடுக்க வழி உண்டு: நிறுவும்போது கலந்தாலோசிக்கப்படும் ஒரு சின்னக் கோப்பு 101 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால், எதுவும் தானாகக் கிளம்பாது. ஆனால் இது தெரிந்தவர்களுக்கு ஆபத்து குறைவு. தெரியாதவர்களுக்குத்தான் பாதுகாப்பு தேவை.

உங்கள் விண்டோஸ் கணினியில் ‘சர்வீசஸ்’ பட்டியலைத் திறந்து, ‘ஆட்டோமேட்டிக்’ என்று போட்டிருப்பவற்றை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நிறுத்திவிடாதீர்கள். என்னவென்று விசாரித்துவிட்டு நிறுத்துங்கள்.