பிளைத்பரோ ஆலயத்துத் தேவதூதர்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே, சபோக் மாவட்டத்தில், பிளைத் என்னும் சிற்றாறு சதுப்பு நிலத்தினூடே கடலை நோக்கிச் செல்கின்றது. அதன் கரையிலுள்ள பிளைத்பரோ ஒரு சிற்றூரே. ஆயினும் அங்குள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 127 அடி நீளமுடையது. 'சதுப்பு நிலப் பேராலயம்' என்றே மக்கள் அதனை அழைப்பர்.

இத்துணைச் சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில் ஏன்? இடைக்காலத்தில் பிளைத்பரோ ஒரு துறைமுகம். வாணிகத்தால் வளம் பெற்றிருந்த அவ்வூரிலே 15ஆம் நூற்றாண்டில் இவ்வாலயம் எழுந்தது. பின்னர்க் கப்பல்கள் பெரிதாயின, ஆறோ தூர்ந்தது. வாணிகம் அகன்றது, கோயில் மட்டும் நின்றது. உரோமத் திருச்சபைக்குரியதாகக் கட்டப்பட்ட அது, 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்தின்பின் அங்கிலிக்கன் பங்குக் கோயிலாயிற்று.

உள்ளே நுழைவோரை முதலிற் கவர்வது ஒளி. நடுக்கூடத்தின் மேற்சுவரில் பக்கத்துக்குப் பதினெட்டாகச் சாளரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. நடுக்கூடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் வளைவு இல்லாமையால், ஒரே மரக்கூரை முகப்பு முதல் முடிவு வரை ஓடுகின்றது. அதன் உச்சி உத்தரத்தில், சிறகு விரித்த தேவதூதர் இருவர் இருவராக, முதுகோடு முதுகு பொருந்த அமர்ந்திருக்கின்றனர். பழைய வண்ணம் மங்கியிருக்கின்றது. எவரும் அதன்மேற் புதுச் சாயம் பூசவில்லை.

1577ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள், வழிபாட்டு வேளையிலே பெரும் புயலடித்தது. கோபுரத்தின் கூர்நுனி கூரையைப் பிளந்துகொண்டு விழ, ஓர் ஆடவனும் ஒரு சிறுவனும் மாண்டனர். கரிய நாய் உருவிற் பேய் வந்தது என்ற கதை அன்று பிறந்ததே.

1644இல் வில்லியம் டௌசிங் என்பார் வந்தார். ஆலயங்களிலுள்ள உருவங்களை அழிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. இருபது தேவதூதரை இறக்குமாறு ஆணையிட்டதாக அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். ஆயினும் கூரையிலுள்ள தூதர் இறங்கவில்லை. அவர்தம் சிறகுகளில் துளைகள் காணப்பட்டமையால், டௌசிங்கின் ஆட்கள் சுட்டனர் என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. கூரையைப் பழுதுபார்த்தபோது கிடைத்த ஈயச் சன்னங்களோ 18ஆம் நூற்றாண்டுக்கு உரியவை! கூரையில் அடைந்த காக்கையினப் பறவைகளை ஊரார் சுட்டதன் வடுக்களே அவை. பாவம், டௌசிங் செய்தவை போதும். செய்யாததையும் அவர் தலையிற் சுமத்த வேண்டியதில்லை.

மெய்யான ஆபத்து வறுமையால் வந்தது. சிதைவுற்ற ஆலயம் 1881இல், உள்ளே செல்வது தகாது என மூடப்பட்டது. திருத்துவோர் பழையதை அகற்றிப் புதியதை வைக்கும் காலம் அது. 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவிய வில்லியம் மொறிஸ் முதலியோர், உள்ளதைச் செப்பனிட்டாற் போதுமென வாதாடினர். பணமும் குறைவு, வேலையும் மெதுவாகவே நடந்தது. அதனாலன்றோ அம்மங்கிய வண்ணம் தப்பியது! 1884இல் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. தூதர்களின் சிறகுகளில் அத்துளைகள் இன்றும் உள்ளன.