நீதிமன்ற ஆவணங்களும் கிராமத்து வழக்காளியும்

கிராமப்புற மக்கள் உரிமையியல் நீதிமன்றத்தை நாடுவதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வழக்குகளின் தேக்கமே முதலில் குறிப்பிடப்படுகிறது. நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களிலும் அவற்றின் கீழுள்ள நீதிமன்றங்களிலும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உரிமையியல் வழக்குகள் நிலுவையில் உள்ளன என்பது உண்மையே. ஆயினும் தேக்கம் என்பது வழக்கு நீதிமன்றத்திற்குள் சென்றபின் நேரும் இடர். அதற்கு முன்னர் பிராது தாக்கல் செய்யும் கட்டத்திலும், பின்னர் தீர்ப்பின் நகலைப் பெறும் கட்டத்திலும் கிராமவாசி எதை இழக்கிறான் என்பது எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. பல குடும்பங்கள் நிலத்தை இழப்பது வழக்கில் தோற்றதனால் அன்று. உரிய தாளை உரிய நாளுக்குள் பெறாததனால்தான்.

தாலுகா நீதிமன்றத்தின் நகல் பிரிவை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கு வழங்கப்படும் சான்றிட்ட நகலின் கட்டணம் அற்பமானது. ஆனால் நகல் மனுப் போட ஒரு நாள், முத்திரைத் தாள் கேட்டிருக்கிறார்களா என்று அறிவிப்புப் பலகையைப் பார்க்க ஒரு நாள், நகல் தயாராகிவிட்டதா என்று விசாரிக்க ஒரு நாள், அதைப் பெற்றுச் செல்ல ஒரு நாள் எனப் பயணங்கள் நீள்கின்றன. ஒவ்வொரு பயணத்திற்கும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் செலவாகின்றன. வக்கீல் குமாஸ்தாவுக்குக் கொடுப்பது இக்கணக்கில் சேராது. பொருளாதாரக் கண்கொண்டு நோக்கினால், நகலின் விலை வேறு, நகலைப் பெறுவதன் விலை வேறு என்பது தெளிவாகும். முன்னதை உயர் நீதிமன்றத்தின் விதிகள் நிர்ணயிக்கின்றன. பின்னதைத் தூரம் நிர்ணயிக்கிறது.

வழக்குத் தொடுத்தல்

எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது என்பதற்கு 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் விடை கூறுகிறது. வழக்கை விசாரிக்கும் தகுதியுள்ள நீதிமன்றங்களுள் மிகக் கீழ்நிலையிலுள்ள நீதிமன்றத்திலேயே தொடங்க வேண்டும் என்பது 15ஆம் பிரிவு. நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தைப் பற்றிய வழக்கு அச்சொத்து அமைந்துள்ள எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் தொடுக்கப்பட வேண்டும் என்பது 16ஆம் பிரிவு. எனவே பெரும்பாலான கிராம வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்திலோ, பல மாநிலங்களில் வழங்கும் பெயரால் உரிமையியல் நீதிபதி (இளநிலை) நீதிமன்றத்திலோதான் தொடங்குகின்றன. வழக்கின் மதிப்பு எத்தொகைக்கு மேற்பட்டால் அடுத்த நிலை நீதிமன்றத்திற்குச் செல்லும் என்பது மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். நீதிமன்றக் கட்டணமும் அவ்வாறே.

பிராதில் இருக்க வேண்டிய விவரங்கள் சட்டத்தின் ஏழாவது கட்டளையில் சொல்லப்பட்டுள்ளன. வாதி, பிரதிவாதி ஆகியோரின் பெயரும் இருப்பிடமும், வழக்கு மூலம் எது, அது எப்போது எழுந்தது, கோரும் பரிகாரம் யாது, மதிப்பு எவ்வளவு என்பன அவற்றுள் முக்கியமானவை. நிலமாயின் எல்லைகளாலோ சர்வே எண்களாலோ அடையாளம் காட்டப்பட வேண்டும். வாதி ஆதாரமாகக் கொள்ளும் ஆவணங்களைப் பட்டியலிட்டுப் பிராதுடனேயே தாக்கல் செய்வதும் அவசியம். அப்போது தாக்கல் செய்யாத ஆவணத்தைப் பின்னர் நீதிமன்றத்தின் அனுமதியின்றிச் சான்றாக ஏற்கச் செய்ய இயலாது. ஆவணம் தன்வசம் இல்லையெனில் அது யாரிடம் உள்ளது என்பதைத் தெரிவிக்க வேண்டும். பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினை வழக்கின் டிக்ரியே ஆதாரமாயிருக்கும் குடும்பங்களுக்கு இங்கேயே சிக்கல் ஆரம்பமாகிவிடுகிறது. பழைய டிக்ரி நகலைத் தேடி எடுக்காமல் புதிய வழக்கை உருப்படியாகத் தொடுக்க முடிவதில்லை. நீதிமன்ற ஆவணங்கள் யாவும் என்றென்றைக்கும் காப்பாற்றப்படுவதில்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டமும் உயர் நீதிமன்றங்களின் விதிகளும் எந்தெந்த ஆவணத்தை எத்தனை ஆண்டுக்குப்பின் அழிக்கலாம் என்று வகுத்துள்ளன. மூலப் பத்திரங்களை நீதிமன்றத்தில் விட்டுவைத்தவர்கள், வழக்கு முடிந்தபின் அவற்றைத் திரும்பப் பெறும் உரிமை தமக்கு உண்டு என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை.

இவற்றுக்கிடையே காலவரையறையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுக்க மூன்றாண்டுகளும், உரிமையை அடிப்படையாகக் கொண்டு நிலத்தின் சுவாதீனத்தைக் கோரப் பன்னிரண்டு ஆண்டுகளும் உண்டு. தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துடன் வழக்கு நடத்திக் கழிந்த காலத்தை 14ஆம் பிரிவு கழித்துக்கொடுக்கிறது. இச்சலுகை கிராமத்தாருக்கு மிகவும் வேண்டப்படுவது. வருவாய்த் துறை அதிகாரியிடம் செல்ல வேண்டியது எது, உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்ல வேண்டியது எது என்பது படித்தவர்களுக்கே எளிதில் விளங்குவதில்லை.

நகலும் நாட்கணக்கும்

முன்சீப் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாட்கள் அவகாசம் உண்டு. தீர்ப்பு நாளும், நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலமும் இக்கணக்கில் சேராது என்று காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. பலரும் இந்த ஒரு வாசகத்தை மட்டும் கேள்விப்பட்டு, நகல் கைக்கு வந்த நாளிலிருந்துதான் முப்பது நாள் என்று எண்ணிக்கொள்கின்றனர். இது பெரும் தவறு.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். தீர்ப்பு மார்ச் 1ஆம் தேதி கூறப்பட்டதாகக் கொள்வோம். அறுவடை வேலையினால் விவசாயி மார்ச் 21 அன்றுதான் நகல் மனுப் போடுகிறார். நகல் ஏப்ரல் 10 அன்று தயாராகிறது. அவர் அதை ஏப்ரல் 25 அன்று சென்று பெறுகிறார். மனுப் போட்ட நாள் முதல் நகல் தயாரான நாள் வரையுள்ள 21 நாட்கள் கழிக்கப்படும். மனுப் போடுவதற்கு முன் சென்ற 19 நாட்கள் அவர் கணக்கிலேயே சேரும். ஆகவே எஞ்சியவை 11 நாட்கள். கடைசி நாள் ஏப்ரல் 21. நகலைக் கையில் வாங்கியபோதே நான்கு நாட்கள் கடந்துவிட்டன. தீர்ப்புக்கு மறுநாளே மனுப் போட்டிருந்தால், நகல் எழுதுவதில் நீதிமன்றம் எத்துணைத் தாமதம் செய்திருந்தாலும், முப்பது நாட்களும் ஏறக்குறைய அப்படியே மிஞ்சியிருக்கும்.

டிக்ரி இன்னும் எழுதி முடியவில்லை, முடிந்தபின் மனுப் போடலாம் என்று காத்திருப்போரும் உளர். நகல் மனு போடப்படுவதற்கு முன் டிக்ரியைத் தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் காலம் கழிக்கப்படமாட்டாது என்று அதே பிரிவின் விளக்கவுரை கூறுகிறது. முத்திரைத் தாள் கேட்கப்பட்ட பின்னர் அதைச் செலுத்துவதில் மனுதாரர் செய்யும் தாமதமும் அவரையே சாரும். இதனால்தான் ஒவ்வொரு சான்றிட்ட நகலிலும் மனுப் போட்ட நாள், முத்திரை கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் எனத் தேதிகள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. தாமதத்தைப் பொறுத்தருளுமாறு 5ஆம் பிரிவின்கீழ் வேண்டலாம், ஆனால் அது நீதிமன்றம் தன் விருப்புரிமையால் அளிப்பது, கேட்டவுடன் கிடைப்பதன்று.

வழக்கில் சம்பந்தப்படாதவர்களும் நகல் பெறலாம். அவர்கள் எதற்காக அது தேவை என்பதைக் காட்டி மனுச் செய்ய வேண்டும். முடிவடையாத வழக்கில் நீதிமன்றத்தின் உத்தரவும் தேவைப்படலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இவ்விதிகளைச் சுற்றிச் செல்ல இயலாது என்று உச்ச நீதிமன்றம் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது.

நிலம் வாங்குவோருக்கு இது சிறு விஷயமன்று. வழக்கு நடந்துகொண்டிருக்கும் நிலத்தை வாங்கியவர் அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. வழக்கு இருப்பது தமக்குத் தெரியாது என்று சொல்வதால் பயனில்லை. பழைய பம்பாய் மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. வழக்கைப் பற்றிய அறிவிப்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டால்தான் வாங்குபவரை அது கட்டுப்படுத்தும். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் வழங்கும் இந்த நல்ல ஏற்பாடு நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்படாதது வியப்பே. ஏனைய இடங்களில் வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து நிலம் வாங்குபவர், நீதிமன்றப் பதிவேட்டில் இருப்பதை அறியாமலேயே வாங்கிவிடக்கூடும்.

கணினியும் தாலுகாவும்

2007ஆம் ஆண்டு தொடங்கிய மின்னணு நீதிமன்றத் திட்டம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியுள்ளது. 2015இல் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. திட்டத்தின் மூன்றாம் கட்டத்திற்கு 2023 செப்டம்பரில் ரூ.7,210 கோடி அனுமதிக்கப்பட்டது. ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு இலக்க அடையாளக் குறியீடு உண்டு. அதைக் கொண்டு அடுத்த விசாரணைத் தேதியைக் கிராமத்திலிருந்தே கைப்பேசியில் அறியலாம். வாய்தா தேதியைக் கேட்பதற்காக மட்டும் நீதிமன்றத்திற்குப் போய்வந்த காலம் மறைந்து வருகிறது. மின்னணு முறையில் தாக்கல் செய்வதற்கு உதவும் சேவை மையங்களும் நீதிமன்ற வளாகங்களில் ஏற்படுத்தப்பட்டுள்ளன.

எனினும் இரண்டு குறைகள் உள்ளன. வலைத்தளத்திலிருந்து எடுத்த தீர்ப்பு தகவலுக்கு உதவுமேயன்றிச் சான்றிட்ட நகலின் இடத்தைப் பெறாது. மேலும், வழக்கைக் கட்சிக்காரர் பெயராலோ வழக்கு எண்ணாலோ தேடலாமே தவிர, கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்துத் தேடும் வசதி பொதுத் தேடலில் அமையவில்லை. நிலத்தை வாங்க நினைப்பவருக்குத் தெரிந்திருப்பது சர்வே எண்தான். யார் யார்மீது எப்போது வழக்குத் தொடுத்தார் என்பதன்று.

கட்டணம் செலுத்த இயலாதோர் நடைமுறைச் சட்டத்தின் 33ஆவது கட்டளைப்படி வறியவராக வழக்குத் தொடுக்கலாம். அதைவிட எளியது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் வருமானம் எதுவாயினும் இலவச உதவி பெறத் தகுதியுடையவர்கள். வழக்கறிஞர் மட்டுமன்றி, நீதிமன்றக் கட்டணமும் சான்றிட்ட நகல் பெறும் செலவும் இவ்வுதவியில் அடங்கும். தாலுகா சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குவது வழக்கம். இருந்தும் நகலுக்காக அக்குழுவை நாடுவோர் மிகச் சிலரே.

கிராமங்களுக்கே நீதிமன்றத்தைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று சட்ட ஆணையம் 1986இல் தனது 114ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அதன் அடியொற்றி வந்த கிராம நியாயாலயச் சட்டம் 2009 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. வாய்க்கால் நீர் முறை, கிணற்றில் நீர் இறைக்கும் உரிமை, பொது மேய்ச்சல் நிலம், கூட்டுச் சாகுபடி, குறைந்தபட்சக் கூலி ஆகியவை பற்றிய தகராறுகள் இதன் வரம்பில் வருகின்றன. கட்டணம் ரூ.100க்கு மேற்படலாகாது. நடவடிக்கைகள் இயன்றவரை ஆங்கிலமல்லாத மாநில ஆட்சிமொழியில் அமைய வேண்டும். நீதிபதி கிராமங்களுக்கே சென்று விசாரிக்கலாம். இக்கட்டுரையில் பேசப்பட்ட நகல் பிரச்சினைக்கும் சட்டம் ஒரே வாக்கியத்தில் தீர்வு கண்டுள்ளது. தீர்ப்புக் கூறிய மூன்று நாட்களுக்குள் இரு தரப்பினருக்கும் அதன் நகல் இலவசமாக வழங்கப்பட வேண்டும். மனுவில்லை, முத்திரையில்லை, பயணமில்லை.

ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நியாயாலயங்கள் அமையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்கள் தொடக்கத்திலேயே முன்வந்தன. பல மாநிலங்கள் தாலுகாக்களில் வழக்கமான நீதிமன்றங்களைப் பெருக்குவதே மேல் என்று கருதின. சட்டமும் மாநில அரசு இவற்றை "ஏற்படுத்தலாம்" என்றுதான் கூறுகிறது. செயல்படுபவை இன்றளவும் சில நூறு அளவிலேயே உள்ளன. ஒரு நியாயாலயத்தைத் தொடங்க மத்திய அரசு ஒரே முறை ரூ.18 லட்சம் வரையிலும், முதல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு ரூ.3.20 லட்சம் வரையிலும் உதவி வழங்க வகை செய்யப்பட்டது. நான்காம் ஆண்டு முதல் செலவு முழுவதும் மாநிலத்தின் வரவுசெலவுத் திட்டத்தைச் சாரும்.