காத்திருப்பும் ஓர் அமல்



ஒரு நாளில் எத்தனை முறை காத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பேருந்துக்காக நிற்கிறோம். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். வளைகுடா நாட்டிலிருக்கும் கணவரின் அழைப்பை எதிர்பார்த்து, கைபேசியை அருகிலேயே வைத்துக்கொண்டு அடுப்பு வேலை பார்க்கும் சகோதரிகள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர்! இந்நேரங்களையெல்லாம் வீணாய்ப் போனவை என்றே நாம் கணக்கெழுதி விடுகிறோம். மார்க்கம் அவ்வாறு எழுதவில்லை.

மதீனாவில் ஓரிரவு நாயகம் (ஸல்) அவர்கள் இஷாத் தொழுகையைப் பாதி இரவு வரை தாமதப்படுத்தினார்கள். தொழுது முடித்தபின், மற்ற மக்கள் தொழுது உறங்கிவிட்டனர் என்றும், தொழுகையை எதிர்பார்த்திருந்த நேரமெல்லாம் நீங்கள் தொழுகையிலேயே இருந்தீர்கள் என்றும் தோழர்களுக்கு அறிவித்தார்கள். புகாரி ஷரீபில் இதனை அறிவிக்கும் ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள், அன்றிரவு நாயகத்தின் மோதிரம் மின்னியதை இப்போதும் கண்முன் காண்பது போலிருப்பதாகக் கூறுகிறார்கள். வந்தவுடன் தொழுதுவிட்டுப் போயிருந்தால் அந்த மின்னல் இத்தனை காலம் நினைவில் நின்றிருக்குமா என்று நான் எண்ணுவதுண்டு.

கவனியுங்கள், அத்தோழர்கள் அந்நேரத்தில் ருகூவு செய்யவில்லை, ஸுஜூது செய்யவில்லை. அமர்ந்திருந்தார்கள், அவ்வளவே. அந்த அமர்வே தொழுகையாகப் பதியப்பட்டது. அவ்வாறு அமர்ந்திருப்பவருக்காக மலக்குமார்கள் மன்னிப்பும் ரஹ்மத்தும் வேண்டி துஆச் செய்வதாகவும் ஹதீஸ்களில் காண்கிறோம். ஆனால் முஸ்லிம் ஷரீபின் அறிவிப்பில் இதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. ஒளூ முறியாதிருக்க வேண்டும். அங்கே எவருக்கும் தொல்லை தராதிருக்க வேண்டும். முதலாவதை நாம் அனைவரும் அறிவோம். இரண்டாவதை எளிதாகக் கடந்து விடுகிறோம்.

நானும் கடந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். டோக்கன் வாங்கி அமர்ந்து இரண்டு மணி நேரமாயிற்று. அறிமுகமான ஊழியர் ஒருவர் என் தலைப்பாகையையும் ஜிப்பாவையும் கண்டு, "ஹஜ்ரத், நீங்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? வாருங்கள்" என்று உள்ளே அழைத்துச் சென்றார். எழுந்து போய்விட்டேன். மனதில் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. வெளியே வந்தபோது, காய்ச்சலில் துவண்ட குழந்தையை மடியில் கிடத்தியிருந்த ஒரு பெண்மணி அதே இடத்தில் அமர்ந்திருந்தார். எங்களுக்கு முந்தைய எண் அவருடையது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த டோக்கனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வழியெல்லாம் பேசாமல் வந்த என் தாயார் வீட்டு வாசலில்தான் கேட்டார்கள்: "அந்தப் பச்சைப் பிள்ளைக்கு முன்னால் என்னை ஏன் வாப்பா கூட்டிப் போனாய்?" அந்த வாரம் ஜும்ஆவில் ஸப்ரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவன் நான்.

தொழுகைக்காவது நேரம் குறித்திருக்கிறது. டோக்கனுக்கும் எண் இருக்கிறது. முடிவு எப்போது வரும், எப்படி வரும் என்றே தெரியாத காத்திருப்புகளும் உண்டு. பெண்ணுக்கு வரன், பிள்ளைக்கு வேலை, மருத்துவப் பரிசோதனையின் முடிவு. இத்தகையோர் ஹளரத் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளலாம். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் காரணமின்றிப் பின்தங்கிய அவர்கள், பொய்ச்சாக்குச் சொல்லாமல் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடன் எவரும் பேசக்கூடாது என உத்தரவாயிற்று. 50 இரவுகள். அதே நிலையிலிருந்த மற்ற இருவர் வீட்டிலேயே அழுதுகொண்டிருக்க, கஅபு (ரலி) ஜமாஅத்துக்கு வந்தார்கள், கடைவீதிக்கும் போனார்கள். நாயகத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதிலுக்கு அந்த உதடுகள் அசைகின்றனவா என்று பார்ப்பார்களாம்! இடையில் கஸ்ஸான் அரசனிடமிருந்து, எங்களிடம் வந்துவிடும், உம்மை ஆதரிக்கிறோம் என்று கடிதம் வந்தது. அதை அடுப்பில் போட்டு எரித்தார்கள். குறுக்கு வழி அழைக்காத காத்திருப்பு அரிது. 50ஆம் நாள் விடியலில் ஸல்உ மலைமீதிருந்து நற்செய்திக் குரல் கேட்டது. செய்தி கொண்டு வந்தவருக்குத் தம் மேலாடையும் கீழாடையுமாக இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு பள்ளிக்கு விரைந்தார்கள்.

இனி, பிறரைக் காக்க வைப்பவர்களிடம் ஒரு வார்த்தை. வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி. வேலை முடிந்தும் கூலிக்காக முதலாளியின் வாசலில் நிற்பவருடைய ஸப்ருக்கு நன்மை உண்டென்பதால் முதலாளியின் குற்றம் குறைந்துவிடாது. தாமதமாக இஷாத் தொழுவதை விரும்பிய நாயகம் (ஸல்) அவர்களே, உம்மத்துக்குச் சிரமமாகுமே என்றுதான் அதைக் கட்டாயமாக்காமல் விட்டார்கள். தொழுகையை நீட்டும் இமாம்களையும், பின்னால் நிற்போரில் பலவீனர், முதியோர், அலுவலுள்ளோர் உண்டென்று எச்சரித்தார்கள்.

இதில் நானும் அடக்கம். முதலாளியிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு ஜும்ஆவுக்கு வரும் கடைப்பையன்கள் பின்வரிசையில் கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பதைப் பல வருடம் கண்டும் காணாமல் இருந்தேன். இப்போது என் பயான் இருபது நிமிடம்தான்.