பெயர்ப்பலகைக் கடையில் ஒரு சென்சார்

சிதம்பரத்தை அடுத்த கிள்ளையைச் சுற்றியுள்ள இறால் பண்ணைகள் உப்பங்கழி நீரை நம்பி நடப்பவை. குளத்தில் மிஞ்சும் தீவனமும் இறாலின் கழிவும் முதலில் அம்மோனியா ஆகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நடுவில் வரும் நைட்ரைட் தேங்கிவிட்டால் இறாலின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் திணறும். எவ்வளவு நைட்ரைட் ஆபத்து என்பதை உப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது. வனாமி இளம் இறால்களை வைத்துத் தைவான் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள நீரில் லிட்டருக்கு 25.7 மில்லிகிராம் நைட்ரைட்-நைட்ரஜன் வரை பாதுகாப்பு. உப்பு 15 பங்காக இறங்கினால் வரம்பு 6.1 மில்லிகிராம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளத்து உப்பு இறங்கும்போது, நேற்று வரை தாங்கிய அதே அளவு இன்று தாங்காமல் போகலாம். ஆகவே அந்த நாட்களில் கரையிலேயே அடிக்கடி அளக்க வேண்டும். அதற்கு மலிவான கருவி வேண்டும்.

கருவியின் முக்கியப் பாகத்தை இன்று பெயர்ப்பலகைக் கடையிலேயே செய்துவிடலாம் என்பது மிகையல்ல. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2014இல் காட்டிய வழி இது. பாலிஇமைடு என்பது தேன் நிறத்தில் மெலிதாக வளையும், சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாள். அக்ரிலிக் எழுத்துகளை வெட்டும் கார்பன்-டை-ஆக்சைடு லேசரை அதன் மேல் ஓட்டினால், கதிர் பட்ட இடம் கணப்பொழுதில் கடுஞ்சூடாகிறது. வேதிப்பிணைப்புகள் அறுந்து வாயுக்கள் வெளியேற, பஞ்சு போலத் துளைகள் நிறைந்த கறுப்புக் கிராஃபீன் அங்கேயே படிகிறது. தூசற்ற அறையும் வெற்றிடப் பம்பும் வேண்டாம். திறந்த காற்றிலேயே நடக்கும் வேலை. கணினியில் வரைந்த கோடு அப்படியே மின்முனையாகிவிடும். மூன்று கோடுகள் போதும். ஒன்று அளக்க, ஒன்று மின்சுற்றை முழுமையாக்க, மூன்றாவது ஒப்பிட. மூன்றாவதன் மேல் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு பசை பூசுவார்கள். தண்ணீர் படக்கூடாத பகுதிக்கு நகப்பூச்சு அடிப்பதும் ஆய்வுக்கூடங்களில் சகஜம். திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கார்பன் மையை பாலியஸ்டர் தாளில் இழுத்தும் இதே வகைத் தகடுகளைச் செய்ய முடியும்.

தகட்டைக் குளத்துநீரில் நனைத்து மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால், ஒரு கட்டத்தில் நைட்ரைட் எலக்ட்ரான்களை இழந்து நைட்ரேட்டாகிறது. அப்போது ஓடும் மின்னோட்டம் நைட்ரைட்டின் அளவைச் சொல்லும். மின்னழுத்தம் ஏற்றி அளக்கும் பெட்டியும் விலை இறங்கிவிட்டது. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா ஆய்வாளர்கள் 80 டாலருக்குள் செய்யக்கூடிய ஒன்றின் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். தாளும் மலிவு, பெட்டியும் மலிவு. அப்புறம் ஏன் இது பண்ணைக்கு வரவில்லை? செலவு வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. தகட்டைச் செய்ய ஆகும் காசு சொற்பம். அது சொல்லும் எண்ணை நம்பலாம் என்று நிறுவத்தான் பணமும் ஆளும் வேண்டும்.

ஒப்பீட்டு மின்முனையைப் பாருங்கள். அதன் மின்னழுத்தம் சுற்றியுள்ள குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அது சுமார் 59 மில்லிவோல்ட் நகரும். ஒரே உப்பில் தயாரித்த மாதிரியை வைத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இது தெரியவே தெரியாது. மழையும் கடலும் மாறி மாறி ஆளும் கிள்ளை நீரில் அளவுகோலே நழுவிக்கொண்டிருக்கும். உப்பையும் கூடவே அளந்து திருத்தினாலொழிய அங்கு கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. எங்கோ செய்து எங்கும் விற்கும் தகட்டைவிட, இந்த நீரிலேயே சரிபார்த்த தகடு மேலானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் இருக்கிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாரம் ஒருமுறை பார்ப்பவருக்கு அது போதும். டார்ச் வெளிச்சத்தில் இளஞ்சிவப்புக்கும் சிவப்புக்கும் வேறுபாடு காண வேண்டிய மழையிரவில் கண்ணை எவ்வளவு நம்புவது? கையால் செய்யும் தகடுகள் ஒன்றுபோல் இராது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். இதற்குச் சர்க்கரை நோயாளிகளின் ஸ்ட்ரிப் விடை தந்திருக்கிறது. 1987இல் மின்வேதி முறையில் வந்த அந்தத் தகடுகளுக்குப் பின், பல ஆண்டுகள் குளுக்கோமீட்டரில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு குறியீட்டு எண்ணைப் பதிய வேண்டியிருந்தது. தகடுகள் தொகுதிக்குத் தொகுதி மாறும் என்பதை உற்பத்தியாளர்கள் மறைக்கவில்லை, அளந்து எண்ணாக்கிவிட்டார்கள். குளத்திலேயே போட்டுவைத்தால் பாசி படியும் என்ற குறைக்கும் அதே ஸ்ட்ரிப்தான் வழி: நனை, படி, எடுத்துவிடு.

எடுத்துவிட்ட பிளாஸ்டிக் எங்கே போகும் என்பதற்கு அவ்வளவு எளிதான பதில் இல்லை. தேங்காய்ச் சிரட்டையிலும் லேசரால் கிராஃபீன் எழுதலாம் என்று 2018இல் டூர் குழுவே காட்டியது. உப்புநீரில் நம்பி நனைக்கும் தகடாக அது மாற நாளாகும். அதுவரை பயன்படுத்திய தகடுகளைத் திரும்ப வாங்குவது விற்பவர் பொறுப்பு. சரிபார்ப்புக்கும் வெகுதூரம் தேட வேண்டாம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் இயங்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்தத் துறைக்கென்றே இருக்கிறது. வெள்ளாற்றங்கரையில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உண்டு. சிதம்பரத்தில் லேசர் வைத்திருப்பவர் தகடு வெட்டட்டும். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை 5, 15, 25, 35 பங்கு உப்பில் சோதித்து, திருத்த எண்ணையும் காலாவதித் தேதியையும் உறையில் அச்சிடும் வேலைக்குத்தான் அரசுப் பணம் போக வேண்டும்.