டெர்மினலை 666-க்குத் திறந்துவிடாதீர்கள்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் நீங்கள் லாகின் செய்ததும், உங்கள் டெர்மினல் உங்கள் பெயருக்கு வந்துவிடுகிறது. லினக்ஸில் டெர்மினலும் ஒரு கோப்புதான். அதன் உரிமையாளர் நீங்கள், குழு ‘டிடிஒய்’, அனுமதி பெரும்பாலும் 620 அல்லது 600. உங்களையும் ரூட்டையும் தவிர வேறு எவரும் அதைப் படிக்க முடியாது. 620-இல் உள்ள 2, ‘ரைட்’, ‘வால்’ போன்ற நிரல்கள் உங்கள் திரைக்குச் செய்தி அனுப்புவதற்காக. அதுவும் வேண்டாம் என்றால் ‘எம்இஎஸ்ஜி என்’ கொடுத்து அடைத்துவிடலாம்.

‘எஸ்யூ’ கொடுத்து இன்னொரு பயனராக மாறும்போதுதான் சிக்கல் வருகிறது. ஆள் மாறினாலும் டெர்மினல் பழையவர் பெயரிலேயே இருக்கும். அந்த நிலையில் ‘ஸ்க்ரீன்’ நிரலை ஓட்டினால், டெர்மினலைத் திறக்க முடியவில்லை என்று பிழை வரும். உடனே பலர் அனுமதியை 666, அதாவது எவரும் படிக்கலாம், எழுதலாம் என்று ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த சர்வரில் கணக்குள்ள எவரும் உங்கள் திரையில் ‘பாஸ்வேர்டு’ என்று போலியாகக் கேட்கலாம். நீங்கள் தட்டுவதையும் படிக்கலாம். பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில் உள்ளீடு முழு வரியாகத்தான் போகும். என்டர் தட்டியதும் அந்த வரி அப்படியே அவருடைய நிரலுக்குப் போய்ச் சேரலாம். உங்களுக்குத் தெரிவதெல்லாம், திரை நகராமல் நிற்பது மட்டுமே.

அந்தப் பயனராகவே எஸ்எஸ்எச் வழியாக நேரடியாக நுழைவதுதான் சரியான வழி. முடியாதபோது, ‘எஸ்யூ’வுக்குப் பிறகு ‘ஸ்க்ரிப்ட்’ கட்டளையை ஓட்டினால் புதிய பயனர் பெயரில் தனி டெர்மினல் கிடைக்கும். ஏற்கெனவே 666 கொடுத்திருந்தால் 600-க்கு மாற்றுங்கள்; 666 இருந்தபோது அங்கே தட்டிய பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஆபத்து எதிர்த்திசையிலும் உண்டு. ரூட்டிலிருந்து சாதாரணப் பயனராக ‘எஸ்யூ’ செய்தால், இருவருக்கும் ஒரே டெர்மினல். அந்தப் பயனரின் நிரல் ‘டிஐஓசிஎஸ்டிஐ’ என்ற அழைப்பால் எழுத்துகளை உள்ளீட்டு வரிசையில் திணிக்க முடியும். நீங்கள் வெளியே வந்ததும் ரூட் ஷெல் அவற்றை நீங்களே தட்டியதாக எண்ணி நிறைவேற்றிவிடும். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2017-லேயே இந்த அழைப்பை நீக்கிவிட்டது. லினக்ஸில் 6.2 கெர்னலிலிருந்துதான் அதை அணைக்கும் வசதி வந்தது. பழைய கெர்னல் என்றால் ‘எஸ்யூ’வுக்கு ‘-பி’ தெரிவைப் பெரிய எழுத்தில் சேருங்கள். அது தனி டெர்மினல் தரும். ‘சூடோ’ 1.9.14 முதல் இதைத் தானாகவே செய்கிறது.

அழைப்பை அணைக்கும் முன், பார்வையற்ற பயனர்களின் பிரெய்ல் மென்பொருள் அதை நம்பியிருக்கிறதா என்று அவர்களிடமே கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.