உலக வங்கிக் கடன் வாட்ஸ்அப்பில் வராது: பன்னாட்டு நிதி நம்ம ஊருக்கு வரும் வழி

'உலக வங்கித் திட்டத்தில் பெண்களுக்கு 5 லட்சம் கடன், ஆதார் மட்டும் போதும், பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய்' என்கிற மாதிரி ஒரு செய்தி உங்க போனுக்கும் வரலாம். கீழே ஒரு லிங்க், ஒரு ஜிபே எண். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். காரணம், உலக வங்கி உதவியோடு நம் மாநிலத்தில் திட்டங்கள் நடந்தது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் பொய்யைக் கட்டுகிறார்கள். அதனால் இந்தப் பணம் உண்மையில் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வோம்.

யார் கடன் வாங்குகிறார்கள்?

உலக வங்கி தனிநபருக்குக் கடன் கொடுப்பதில்லை. மாநிலத் திட்டங்களுக்கு அது மத்திய அரசுக்குக் கடன் தருகிறது. அந்தப் பணம் மாநில அரசு வழியாகத் திட்டத்துக்கு வருகிறது. பெரும்பாலும் மாநில அரசு முதலில் தன் பட்ஜெட்டிலிருந்து செலவு செய்யும். பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெறும்.

இது இலவசப் பணமும் இல்லை. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். டாலர் மதிப்பு ஏறினால் நாம் கட்டும் ரூபாயும் கூடும். சுருக்கமாகச் சொன்னால், கடைசியில் கட்டுவது நம்ம வரிப்பணம். ஆகவே அது சரியாகச் செலவாகிறதா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

தருமபுரியில் தொடங்கியது

இன்று எல்லா ஊரிலும் இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இப்படி ஒரு வேர் உண்டு. ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. அமைப்பான பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. மழையை நம்பிய நிலம், கூலி வேலை, அவசரத்துக்குக் கந்துவட்டி என்று இருந்த பெண்கள், மாதாமாதம் சிறு தொகை சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு குழுவாக வங்கிக்குப் போனார்கள். அடமானம் வைக்க எதுவுமில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்குதான் ஈடு. நபார்டு வங்கி நாடு தழுவிய குழு–வங்கி இணைப்பைச் சோதனை முறையில் தொடங்கியது 1992-இல்தான்.

அந்த வெளிநாட்டு உதவித் திட்டம் முடிந்துவிட்டது. ஆனால் குழுக்கள் முடியவில்லை. 1997-98 முதல் மாநில அரசே 'மகளிர் திட்டம்' என்ற பெயரில் எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. நல்ல திட்டத்துக்கு அடையாளமே இதுதான்: நிதி நின்ற பிறகும் ஊரில் ஏதாவது நிற்க வேண்டும்.

அடுத்தடுத்த படிகள்

- புதுவாழ்வு (2005 முதல்): உலக வங்கி உதவி பெற்றது. ஊரில் யார் ஏழை என்பதை அதிகாரி மட்டும் முடிவு செய்யாமல், ஊர்மக்களே உட்கார்ந்து பட்டியல் தயாரித்த 'மக்கள் நிலை ஆய்வு' இதன் முக்கிய அம்சம்.
- வாழ்ந்து காட்டுவோம்: 2017-இல் உலக வங்கி 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. செலவில் சுமார் 70 சதவீதம் உலக வங்கிக் கடன், 30 சதவீதம் மாநில அரசின் பங்கு. 120 ஒன்றியங்களில் 3,994 ஊராட்சிகளுக்கான திட்டம். சேமிப்போடு நிற்காமல் தொழில் தொடங்க வைப்பதே நோக்கம்.
- காடு வளர்ப்புத் திட்டம் (1997 முதல்): ஜப்பானியக் கடனுதவி பெற்றது. காட்டோர ஊர்களில் மரம் நட்டதோடு தடுப்பணைகளும் கட்டினார்கள். விறகையும் மேய்ச்சலையும் மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்குச் சிறுகடன் தந்தார்கள். பிழைக்க வேறு வழி இல்லாதவரிடம் 'மரத்தை வெட்டாதே' என்று சொல்லிப் பயனில்லை. வேலையும் இயற்கையும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம்.

மானியம் என்றால் என்ன?

வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தில் அதிகம் பேசப்பட்டது இணை மானியம். ஒரு அக்கா மசாலா அரைக்கும் யூனிட் போடுகிறார், திட்ட மதிப்பு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத மானியம் என்றால் 60,000 ரூபாய். ஆனால் இது கையில் தரும் ரொக்கம் இல்லை. வங்கிக் கடனோடு இணைந்தது. தொழில் திட்டம் எழுத வேண்டும், வங்கி ஏற்க வேண்டும், ஒழுங்காகத் தவணை கட்ட வேண்டும். தொழில் திட்டம் எழுதவும் உரிமம் வாங்கவும் உதவுவதற்காகவே 'மதி சிறகுகள் தொழில் மையங்கள்' அமைக்கப்பட்டன.

எது உண்மை, எது மோசடி?

1. முன்பணம் கேட்டால் மோசடி. உலக வங்கி பெயரில் யாரும் பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை.
2. ஓடிபி, ஏடிஎம் பின் எண் கேட்டால் உடனே போனை வையுங்கள்.
3. சிறுதொழிலுக்கான 'உத்யம்' பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளமே இல்லை.
4. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

எங்கே கேட்பது?

திட்டங்களுக்குக் காலவரம்பு உண்டு. போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம், புதிதாகவும் வரலாம். அதனால் 'யாரோ சொன்னாங்க' என்று அலையாமல், முதலில் உங்க ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேளுங்கள். அடுத்து மாவட்ட மகளிர் திட்ட அலுவலகம். குறை இருந்தால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100.

இன்னொன்று. உலக வங்கி தன் திட்ட ஆவணங்களைத் தன் இணையதளத்தில் பொதுவில் வைக்கிறது. திட்டத்தின் பெயரைப் போட்டால் எவ்வளவு கடன், எதற்கு என்பதெல்லாம் உங்க போனிலேயே தெரியும். செலவு விவரம் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கிராம சபையிலும் எழுந்து கேட்கலாம். அந்தக் கடனைக் கட்டப்போவது நாம்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.